காரணம் தெரியாமல் மீன் சாகும்போது

"எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேண்ணே, அம்மோனியா ஜீரோ. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத் தின்னுச்சு. காலையில பாத்தா பெரிய மீனு செத்துக் கெடக்கு." மதுரையில் கடல்மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் இதே சொற்களில்தான் இருக்கும். பதிலுக்கு நான் முதலில் கேட்பது: "இறால் உயிரோட இருக்கா தம்பி? நத்தை நகருதா?"

கடல்நீர் டேங்கில் மீன், இறால், நண்டு, நத்தை எல்லாம் ஒரே தண்ணீரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கேடும் அவற்றை வேறு வேறு வரிசையில் தாக்கும். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன் முதலில் போகும். குட்டி டாம்செல் மீன் தப்பித்துக்கொள்ளும். தாமிரம் கலந்தால் இறாலும் நத்தையும், கொசு மருந்து கலந்தால் இறாலும் நண்டும் முதலில் விழும். ஒட்டுண்ணி வந்தால் மீன் மட்டும் சாகும்; இறால் அந்தச் செத்த மீனையே தின்றுகொண்டு திரியும். எது செத்தது, எது பிழைத்தது, எந்த நேரத்தில் நடந்தது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பாதிக் காரணம் கைக்கு வந்துவிடும். டெஸ்ட் கிட்டில் ஆக்சிஜன் தெரியாது, பூச்சி மருந்து தெரியாது, ஒட்டுண்ணியும் தெரியாது. அதனால் "எல்லாம் நார்மல்" என்று வந்தால் குழம்ப வேண்டியதில்லை. காலாவதியாகாத கிட் என்றால், தேட வேண்டிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து ஊற்றாதீர்கள். மீன் செத்த பதற்றத்தில் அலமாரியில் இருக்கும் நீலப் பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் பலர். அதற்குப் பிறகு எது முதலில் கொன்றது, எது பின்னால் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. மணலையும் கிளறாதீர்கள். ஆழமான மணலின் அடியில் காற்றுப் படாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான். பிழைத்த மீன்களுக்கு அது எமன்.

உடனே செய்ய வேண்டியது காற்றைக் கூட்டுவது. வேவ்மேக்கரின் முகத்தை மேலே திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி வையுங்கள். கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள். செவுளில் ஒட்டுண்ணி இருந்தாலும், அம்மோனியா சுட்டிருந்தாலும், தண்ணீர் சூடேறியிருந்தாலும் மீன் கடைசியில் சாவது பெரும்பாலும் மூச்சு முட்டித்தான். எனவே காரணம் தெரிவதற்கு முன்பே தைரியமாகச் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான். அடுத்து, சம்ப்பில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு சுத்தமான பாட்டிலில் டேங்க் தண்ணீரை வாய்வரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நாளைக்கு வேறொரு சந்தேகம் வந்தால் இன்றைய தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

பிறகு செத்த மீனை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் செவுள் மூடியை விரல் நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்து தெரியும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளையாகக் கோழை படிந்திருந்தால் ஒட்டுண்ணி அல்லது தண்ணீரில் ஏதோ எரிச்சல். வெளிறிப் போயிருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். 30 டிகிரி தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தாலே எந்தச் செவுளும் வெளிறிவிடும். இரவே செத்த மீன் காலையில் அதிகம் சொல்லாது. கண் முன்னால் சாகும் மீன்தான் சொல்லும். அதை ஒரு பையில் போட்டு ஐஸ் மேல் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் உடைந்து மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாமல் போய்விடும்.

செத்த மீனின் மேல் முள்புழுவும் நண்டும் மொய்ப்பதைப் பார்த்து அவைதான் கொன்றன என்று முடிவுகட்டி, புழுவுக்குப் பொறி வாங்கப் போகிறவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் பிணம் தின்ன வந்தவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

விடியற்காலைச் சாவும் மின்தடையும்

கடலைப் பார்க்காத ஊரில் கடலை வைத்துக்கொண்டிருக்கிறோம். சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும். செல்லூரில் ஓட்டு வீட்டிலோ, மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையிலோ இருக்கும் டேங்க் இரவிலும் 31, 32-க்குக் கீழே இறங்காது. 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7-க்கும் குறைவாகத்தான் பிடிக்கும். 31 டிகிரியில் அது 6-ஐ ஒட்டி வந்துவிடும். உப்பும் வெப்பமும் ஆக்சிஜனைக் குறைக்கும் அதே நேரத்தில், வெப்பத்தில் மீனின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. தங்கமீன் தாங்கிய மின்தடையைக் கடல்மீன் தாங்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இரவில் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் டேங்கில் ஆக்சிஜனும் பிஎச்சும் ஆகக் குறைவாக இருக்கும். ஜன்னல் அடைத்து ஏசி போட்ட அறையில் நாலு பேர் படுத்திருந்தால், அறைக்காற்றில் கரியமில வாயு ஏறி பிஎச் இன்னும் இறங்கும். மாலையில் டெஸ்ட் எடுத்துவிட்டு "8.2 இருக்கு" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் காலை 5 மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் வைத்து நின்றால், டேங்கிலேயே பெரிய மீன் வாய் பிளந்து செவுள் விரிந்து செத்திருந்தால், இறாலுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிடுகிறது. அன்று காலையிலேயே வேவ்மேக்கரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் சில மோட்டார்கள் உறுமிச் சூடேறும். சொல்லாமல் வரும் மின்தடைதான் ஆபத்து. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்ததே, அப்படிப்பட்ட இரவுகளுக்கு, கரன்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு சொம்பால் டேங்க் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது பலன் தரும். வீட்டில் ஆள் மாற்றி ஆள் செய்தால் இரவை ஓட்டிவிடலாம். சூட்டைக் குறைக்க, மூடிய தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மிதக்கவிடுங்கள். ஐஸை நேரடியாகப் போட்டால் உப்படர்த்தி இறங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று கேனிஸ்டர் ஃபில்டர். தண்ணீர் ஓடாமல் மூடிக் கிடக்கும் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். கரன்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அத்தனையும் டேங்குக்குள் பாயும். மீன் மின்தடையில் சாகாமல், கரன்ட் வந்த ஒரு மணி நேரத்தில் செத்தால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற ஃபில்டரைத் திறந்து, உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, டேங்க் தண்ணீரில் அலசித்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.

ஹீட்டரைப் பற்றி ஒரு வரி. மதுரைக்கு ஹீட்டர் அநேகமாகத் தேவையில்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் ஒரே இரவில் மீனை அவித்துவிடும். கழற்றி வையுங்கள்.

காற்றில் வரும் விஷம்

கண்மாய்க்கரை வாசிகளுக்குக் கொசுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொசுவர்த்திச் சுருளிலும், சுவரில் செருகும் திரவத்திலும் இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டுகள். மனிதர் ஓரளவு தாங்குவார்; மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் கொடிய நஞ்சு. அந்த டப்பாவின் பின்புறத்தில் சிறு எழுத்தில் மீன்தொட்டியைப் பற்றி எச்சரித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

ஸ்கிம்மர்தான் டேங்கின் மூக்கு. மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் அறைக்காற்றை இழுத்து, பொடிக் குமிழியாக்கித் தண்ணீரோடு கலப்பது அதன் வேலை. அந்த அறையில் இரவு முழுக்கக் கொசுமருந்து எரிந்தால், அந்த மருந்தையும் சேர்த்தே கலக்கும். மழைக்காலத்தில் டெங்குவுக்காக மாநகராட்சி ஆட்கள் புகை அடித்துக்கொண்டு தெருவுக்குள் வரும்போதும் இதே கதைதான். பெயின்ட் அடிப்பது, கரப்பான் ஸ்ப்ரே, தீபாவளி இரவின் வெடிப்புகை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

அறிகுறி தெளிவாக இருக்கும். கிளீனர் இறால் வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு மல்லாக்கக் கிடந்து கால்களை மட்டும் ஆட்டும். ஹெர்மிட் நண்டு ஓட்டைவிட்டு வெளியே தொங்கும். மீன்கள் அதற்குப் பிறகுதான் கண்டபடி பாய்ந்து, சமநிலை இழந்து சாயும். இந்த ஓர் இடத்தில் மட்டும் பெரிய அளவில் தண்ணீர் மாற்றத் தயங்காதீர்கள். உப்படர்த்தியும் வெப்பமும் பொருந்திய தண்ணீர் தயாராக இருந்தால் பாதி வரை மாற்றி, கார்பனை இரட்டிப்பாக்குங்கள். முன்னெச்சரிக்கை எளிது: புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலை மூடி, ஸ்கிம்மரையும் ஏர் பம்பையும் நிறுத்தி, வேவ்மேக்கரை மட்டும் ஓடவிடுங்கள். வாடை போனபின் மற்றவற்றைப் போடுங்கள். டேங்க் உள்ள அறையில் கொசுவலைதான் மருந்து.

இறால் முதலில் செத்து, காற்றில் எதுவும் கலக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தாமிரத்தைத் தேடுங்கள். உப்பைப் பித்தளை அண்டாவில் கலக்கினீர்களா? செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தீர்களா? நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து தாமிரத்தைக் கரைத்து எடுத்துவிடும். பிளாஸ்டிக் டிரம் தவிர வேறெதிலும் கடல்நீர் படக் கூடாது. தறி ஓடும் வீடுகளில் சாயக்கையோடு டேங்கைத் தொடுவதும், சோப்புக்கையும், தேங்காய் எண்ணெய்க் கையும் கூடவே கூடாது.

வற்றும் தண்ணீர், நிரப்பும் தண்ணீர்

நம் ஊர் வறண்ட வெயிலில், ஃபேன் போட்டுக் குளிரவைக்கும் டேங்கில் தினமும் சில லிட்டர் ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. வற்றியதற்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பை விட்டுச் சென்றால், அவர்கள் நல்லெண்ணத்தில் உப்புத் தண்ணீரையே ஊற்றிவைத்திருப்பார்கள். போர் தண்ணீரில் நிரப்பி வந்தால், அதிலுள்ள நைட்ரேட்டும் உலோகங்களும் டேங்கில் சேர்ந்துகொண்டே போகும். லாரித் தண்ணீரிலும் வீட்டு நிலத்தடித் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். ஆர்ஓவின் கார்பன் பழசாகியிருந்தால் குளோரின் அப்படியே கடந்து வரும். கார்பனை மாற்றாமல் மெம்பிரேனை மட்டும் நம்புவது வீண்.

உப்படர்த்தியை அளக்கும் ஊசி ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலும் அளவு பொய்யாகிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி சரிபார்ப்புத் திரவத்தால் சரி செய்துகொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரால் பூஜ்யத்துக்கு மட்டும் சரி செய்தால் 35-இல் வழுவக்கூடும். மீனுக்கு வேண்டியது 1.025-ஐ ஒட்டிய அடர்த்தி.

உப்படர்த்தி மாறுவதால் வரும் சாவுதான் அதிகம் குழப்புவது: புது மீன் வந்து இரண்டு மூன்று நாளில் சாவது. கடைகளில் பலர் உப்புச் செலவு குறையவும் ஒட்டுண்ணி தலைதூக்காமல் இருக்கவும் 1.018, 1.020 என்று அடர்த்தியைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கடல்மீன் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி வாழும் பிராணி. குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்புக்குச் சட்டென்று தாவினால் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியேறி உள்ளுக்குள் வறண்டுபோகும். முதல் நாள் நீந்தும், இரண்டாம் நாள் ஒடுங்கும், மூன்றாம் நாள் இல்லை. இறக்குவது ஒரு மணி நேரத்தில் முடியலாம். ஏற்றுவதற்குப் பல நாள் ஆக வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் இரவு முழுக்கப் பயணித்து வரும் பைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் பிஎச் இறங்கியிருக்கும். அந்த அமிலத்தன்மையில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு பறந்து, பிஎச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். பிஎச் 7-இல் இருக்கும் நஞ்சு வடிவம் 8.2-இல் பத்து மடங்குக்கு மேல். இந்தத் தண்ணீரிலேயே மீனை வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது நல்லது செய்வதாக நினைத்துச் சுடுவது. பையின் அடர்த்தியைக் கடைக்காரரிடம் முன்பே கேட்டு, குவாரண்டைன் டேங்கை அதே அடர்த்தியில் தயாராக வைத்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குத்தான்.

வெல்வெட்

இறால், நத்தை எல்லாம் சுகம். மீன்கள் மட்டும் நாலைந்து நாளில் ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ போய்விட்டன. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. இப்படி இருந்தால் என் முதல் சந்தேகம் வெல்வெட் நோயின் மேல்தான். அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணி முதலில் செவுளில் குடியேறும். உடம்பில் பொன்தூள் தூவியதுபோல் தெரிவதற்குள் பல மீன்கள் செத்துவிடும். மூச்சு வேகமாக வாங்குவது, விளக்கைக் கண்டு ஒதுங்குவது, வேவ்மேக்கரின் நீரோட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து நிற்பது ஆகியவைதான் முன் அடையாளங்கள். விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்து அனுப்புவார்கள்.

வெள்ளைப்புள்ளி இதன் மெதுவான உறவு. புள்ளிகள் உப்புக்கல் அளவில் தெரியும், மறையும், ஒரு வாரத்தில் இன்னும் அதிகமாக வரும். மறைந்ததும் குணமாகிவிட்டதாக நம்ப வேண்டாம். ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி மணலில் கூடு கட்டியிருக்கிறது. அந்தக் கூடுகள் 72 நாள் வரை தாக்குப்பிடித்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மீனில்லாமல் டேங்கை 76 நாள் சும்மா விட வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் சொல்வது அதனால்தான்.

உறுதி செய்ய, அப்போதுதான் செத்த மீனின் செவுளில் நகக்கண் அளவு வெட்டி, ஒரு சொட்டு டேங்க் தண்ணீரோடு கண்ணாடித் துண்டில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். அசையாமல் ஒட்டியிருக்கும் கருத்த முட்டை வடிவங்கள் வெல்வெட். மெதுவாக உருண்டு சுழல்வது வெள்ளைப்புள்ளி. கல்லூரி விலங்கியல் மாணவர் யாராவது தெரிந்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் மீதமுள்ள மீன்களைக் காப்பாற்றும்.

சிகிச்சை தனி டேங்கில், மணலும் பாறையும் இல்லாமல். தாமிரம்தான் மருந்து. சாதாரண மயில்துத்தக் கரைசல் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். கீலேட் செய்த மருந்துக்கு அளவு வேறு; பாட்டிலில் சொன்னபடி. தினமும் டெஸ்ட் எடுக்காமல் தாமிரம் போடக் கூடாது. மெயின் டேங்கில் ஒரு சொட்டும் கூடாது: இறாலும் நத்தையும் சாகும், பாறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன் மிகவும் திணறினால், அதே வெப்பத்தில், ஆப்ப சோடா சேர்த்து பிஎச் சமன் செய்த ஆர்ஓ தண்ணீரில் மூன்று நிமிடம் முக்கி எடுத்தால் செவுளுக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். முக்கும்போதும் காற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மண்டபத்துத் தண்ணீரும் கல்லும்

உப்புச் செலவை மிச்சப்படுத்த மண்டபத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கேனில் தண்ணீர் கொண்டுவருவோர் உண்டு. நல்ல தண்ணீர்தான், எந்த மாதம் என்பதைப் பொறுத்து. வடகிழக்குப் பருவமழையில் கரையோரத் தண்ணீர் நீர்த்துப்போயிருக்கும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அது நொக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம். அது பெருகி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவை விடும். மன்னார் வளைகுடாவையே மூச்சு முட்டவைத்த தண்ணீர் உங்கள் டேங்கை என்ன செய்யும் என்று பாருங்கள். சாதாரண நாளில் எடுத்த தண்ணீரும் மூடிய கேனில் வெயிலில் கிடந்தால், உள்ளிருக்கும் நுண்ணுயிர் செத்து அழுகும். காற்று ஓட்டி, இருட்டில் வைத்து, அம்மோனியா பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கல் விஷயம் வேறு. பவளத்தை உடைப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2001 முதல் பவளங்கள் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து சாக்கில் வரும் 'லைவ் ராக்' சட்டத்துக்கும் விரோதம், டேங்குக்கும் விரோதம். வழியில் காய்ந்து செத்த ஆயிரம் உயிர்கள் அதன் துளைகளில் அழுகி, வாரக்கணக்கில் அம்மோனியாவைக் கசியவிடும். செயற்கைப் பாறையை வாங்கி, பாக்டீரியா குடியேற ஒன்றரை மாதம் பொறுங்கள். அந்த மன்னார் கடலில் பவளம் பவளமாகவே இருக்கட்டும். அதை நேசிக்கிறவர்கள்தானே நாம்.

மிஞ்சுவது மெதுவான சாவு. நன்றாகத் தின்று, நன்றாக நீந்தி, மெலிந்துகொண்டே போய், சில வாரங்களில் சாகும் மீன். வெள்ளை நூலாகக் கழிவு போனால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால், மீன் பிடிபட்ட விதத்தைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்தில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிப்பது 1960-களிலிருந்து நடக்கிறது. கடையில் தெளிந்து நிற்கும் அந்த மீனுக்கு உள்ளுறுப்பு கெட்டிருக்கும். எந்த டேங்கிலும் பிழைப்பது கடினம். அப்படிப்பட்ட சாவுக்கு உங்கள் தண்ணீரைக் குறை சொல்லி எல்லாவற்றையும் கலைத்துப் போடாதீர்கள். அடுத்த முறை குஞ்சு பொரித்து வளர்த்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. அப்படி வளர்ந்த க்ளவுன் பெல்லட்டை முதல் நாளே தின்னும். கடைக்காரர் உங்கள் முன் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டட்டும், தின்றால் மட்டும் பையில் போடச் சொல்லுங்கள்.